சத்தமாக வாசிக்கவும்

வீடு
ஜனவரி 6

எதற்கெடுத்தாலும் கிராஃப் போடும் அன்புள்ள கிராஃபு அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், அப்பாவின் கார் ஆகிய நால்வரும் நலம். காருக்கு மட்டும் காலையில் லேசாக இருமல். உன் உடம்பு எப்படி? விடுதிச் சாப்பாட்டைத் தாண்டி உயிரோடிருப்பதே ஒரு தகுதித் தேர்வு என்று எழுதியிருந்தாய். அதிலாவது முதலிடம் வாங்கு.

உன் கோச்சிங் விடுதியில் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாலும் பூட்டினார்கள், நம் வீடு தபால் நிலையமாகிவிட்டது. சட்டம் இன்னும் மாறவில்லை. வருகிற கடிதமானாலும் போகிற கடிதமானாலும் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் அப்பா சத்தமாக வாசித்த பிறகுதான் அது கடிதம். "அடுத்தவங்க கடுதாசியை மனசுக்குள்ள படிக்கிறவன் திருடன். சத்தமா படிக்கிறவன் குடும்பத் தலைவன்" என்கிறார். ஆகவே இதை நீ படிக்கும்போது உனக்கு முன்னால் அப்பா படித்திருப்பார் என்று அறிக. (இந்த இடத்தில் அப்பா தொண்டையைச் செருமினார்.)

விஷயத்துக்கு வருகிறேன். பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. கோடையில் பட்டதாரி. அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். நேற்று ஒரு மாமா, கியர் எது வைப்பர் எது என்று தெரியாதவர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எகனாமிக்ஸா? அடுத்து என்ன?" என்றார். "அடுத்து வலது பக்கம் திரும்பணும் மாமா, முன்னாடி லாரி வருது" என்றேன். அப்பா என் தலையில் குட்டினார்.

பொருளாதாரம் படித்தால் பொருளும் வரும் ஆதாரமும் வரும் என்று நம்பிச் சேர்ந்தேன். இதுவரை வந்தது தலைவலி. நீ இதே படிப்பைப் படித்து, அரசுத் தேர்வில் இரண்டாம் கட்டம் தாண்டி, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிற பெரிய மனிதர். எனக்கு என்னென்ன வழி இருக்கிறது, எது புத்திசாலித்தனம் என்று விவரமாக எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

அன்புடன்,
வாலு

---

விடுதி
ஜனவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அப்பாவின் முதுகு வலி எப்படி? அம்மா ஆஸ்பத்திரிப் பதிவு மேஜையில் இன்னும் இரவு முறை பார்க்கிறாளா? காரின் இருமலுக்கு பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பொருளாதாரம் ஒரு வேலைக்கான படிப்பு இல்லை. எந்த வேலையையும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு. அதனால் வாசல்கள் நிறைய, வழிகாட்டிப் பலகைதான் குறைவு.

உடனே சம்பளம் வேண்டும் என்றால் வங்கி, காப்பீடு, இல்லாவிட்டால் நிறுவனங்களில் டேட்டா அனலிஸ்ட். கணக்கில் பயமில்லாதவர்கள் ஆக்சுவரி ஆகலாம். மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டே நாம் நன்றாக வாழ்கிற ஒரே தொழில் அதுதான். ஆனால் தேர்வுக்கு மேல் தேர்வு எழுத வேண்டும். எம்.பி.ஏ.வை இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படித்தால்தான் வகுப்பில் சொல்வது மண்டையில் ஏறும். சட்டம் படிக்கலாம். பத்திரிகைக்குப் போகலாம், பட்ஜெட்டைப் புரிந்து எழுத அங்கே ஆள் இல்லை.

ஆனால் உனக்கு ஒரு குணம் உண்டு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாய். அந்தக் குணத்துக்கு எம்.ஏ. பொருளாதாரம்தான் பொருந்தும். அதற்குப் பிறகு ஆராய்ச்சி, அரசுக் கொள்கை, கல்லூரி ஆசிரியர் எல்லாம் திறக்கும். நுழைவுத் தேர்வில் வகைநுண்கணிதமும் புள்ளியியலும் கேட்பார்கள். இரண்டிலும் நீ மொக்கை. இப்போதே உட்கார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. நேர்முகத் தேதி இன்னும் வரவில்லை.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்

---

வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள ஆலோசகர் அண்ணாவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பதாக ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அம்மாவுக்குத் திருப்தியில்லை. "நலம்னா எப்படி நலம்? பசிக்குதா, தூக்கம் வருதா?" என்கிறாள். அடுத்த முறை நோயாளி விவரம்போல விரிவாக எழுது.

உன் கடிதம் மேஜையில் அமோக வரவேற்பு பெற்றது. ஆக்சுவரி நகைச்சுவைக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்து, மறுபடி ஒருமுறை வாசித்தார். மறுநாள் காரில் ஏறிய மூன்று பேருக்கும் சொல்லிக் காட்டினாராம்.

பிரச்சினை அடுத்த பத்தியில் வந்தது. நான் "எம்.ஏ." என்றேன். அப்பா "ஏம்மா?" என்றார். "எம்.ஏ.ப்பா." "அதான் ஏம்மாங்கறேன்?" இப்படியே தட்டு காலியாகும்வரை போயிற்று.

கடைசியில் தீர்ப்பு: "உங்க அண்ணன் போன வழி கண்ணுக்கு முன்னாடி இருக்கு. அதே இடம், அதே விடுதி. ஜூலையில சேர்ந்துடு." கோச்சிங் வேண்டாம் என்றால் கோச்சுக்கிறார். அவருடைய பயிற்சிக் காரை நீயும் பார்த்திருக்கிறாய். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், அவர் காலடியில் ஒரு பிரேக். ஸ்டியரிங் என் கையில்தான் இருக்கிறது என்று நானும் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். (இங்கே அப்பா, "நல்லாத்தான் எழுதற. அந்த ரெண்டாவது பிரேக் இல்லாட்டி நீ பிறந்திருக்கவே மாட்ட, நான் அப்பவே லாரியில போயிருப்பேன்" என்றார்.)

எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அப்பா தடுக்கவில்லை. "எழுது, கிடைக்கவா போகுது" என்கிற பெருந்தன்மை. அண்ணா, நான் சொன்னால் அது வாயாடல். நீ சொன்னால் ஆலோசனை. "இவளுக்கு இந்த விடுதி வேண்டாம், எம்.ஏ.தான் சரி" என்று ஒரே ஒரு வரி அப்பாவுக்கு எழுது. ஒரு வரிக்கு எவ்வளவு மை ஆகிவிடும்?

பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கட்டாயம் எழுதவும்.

வாலு

---

விடுதி
பிப்ரவரி 26

அன்புள்ள வாலுவுக்கு,

பசிக்கிறது. தூக்கமும் வருகிறது. அம்மாவிடம் சொல். அப்பாவின் முதுகைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பதில் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் வெளியூர் வேலை, பயிற்சி சம்பந்தமாக.

எம்.ஏ. நல்ல படிப்பு. இங்கே பயிற்சியும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. இரண்டிலும் சாதகம் உண்டு. அப்பா அனுபவஸ்தர், யோசித்துத்தான் சொல்லியிருப்பார். நுழைவுத் தேர்வை நன்றாக எழுது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் பொருத்தமாக இருக்கிறது. குளிர் போய்விட்டது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

எல்லோர் நலத்தையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

---

வீடு
மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் முதுகு தேவலை. நாங்கள் நலம். உன் நலத்தைப் பற்றி இந்த முறை எனக்குத் தனியாக அக்கறை. அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

போன வாரம் பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரிக்கு வினாடி வினாப் போட்டிக்குப் போனேன். தோற்றோம். அதே வளாகத்தில், "பொருளாதாரம் படித்தவர்களுக்கு எதிர்காலம்" என்று ஒரு இலவசக் கருத்தரங்கு. பிஸ்கட் தருகிறார்கள் என்றதும் தோழிகளோடு நுழைந்துவிட்டேன். எதிர்காலத்தையும் பிஸ்கட்டையும் ஒரே இடத்தில் யார் தருவார்கள்?

ஒரு பயிற்சி நிறுவனம் நடத்தியது. பேச வந்தவர் ஒரு இளம் சார். முழுக்கைச் சட்டை, இடது பக்க வகிடு, புதிதாக வைத்த மீசை. அடேயப்பா, என்ன பேச்சு! வங்கி, காப்பீடு, சட்டம், எம்.ஏ. என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். பலகையில் வளைகோடு போடும்போது சுண்ணக்கட்டியை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்தார். கடைசியில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, "இதையெல்லாம் தாண்டி ஒரு அரசுத் தேர்வு இருக்கு. நானே எழுதி மூணாவது ரேங்க் வாங்கினவன். ஆனா உங்களை மாதிரி பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும்னு வேலையை வேண்டாம்னுட்டு வந்துட்டேன்" என்றார். ஒரே கைதட்டல். என் பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மூன்றாவது வரிசை. வாயில் பிஸ்கட். சார் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். என் வரிசையில் வந்ததும் தண்ணீர் குடித்தார். அப்புறம் பேச்சு முடிகிறவரை இடது பக்கத்தையே பார்த்துப் பேசினார். பாவம், கழுத்து பிடித்திருக்கும். இறங்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசியபடியே பின் கதவால் போய்விட்டார். அந்த நிறுவனத்தில் போனையெல்லாம் பூட்டி வைப்பதில்லை போலிருக்கிறது.

(மேஜைச் செய்தி: சார் சொன்ன ஆக்சுவரி நகைச்சுவையையும் எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்ததையும் மீறி அப்பா வாசித்துவிட்டார். "இதை நான் எங்கயோ கேட்டிருக்கேனே" என்று நிறுத்தினார். "எல்லா சாரும் ஒரே பழைய ஜோக்கைத்தாம்ப்பா சொல்லுவாங்க" என்றேன். "இருந்தாலும் நல்ல பையனா இருக்கானே. வேலையை விட்டுட்டுச் சொல்லித் தரான் பாரு" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார்.)

சாருடைய கழுத்து குணமாக வேண்டுகிறேன். உன் கழுத்தையும் பார்த்துக்கொள்.

வாலு

---

கல்லூரி நூலகம்
மார்ச் 12

அண்ணா,

நலமா என்று இன்றைக்கு நிஜமாகவே கேட்கிறேன்.

இது மேஜைக்கு வராத கடிதம். நம் வீட்டில் முதல் குற்றம்.

அது நீதான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். மூன்றாவது ரேங்க் எங்கிருந்து வந்தது? நேர்முகத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதா? அப்பா காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "பையன் ஆபீசர் ஆகப்போறான்" என்றுதான் முதல் கியரே போடுகிறார்.

நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட மணியை நீ அவிழ்த்துவிட்டு ஒளித்து வைத்தபோதும் நான் சொல்லவில்லை. அப்பாவின் ஹாரனில் நான் பஞ்சை அடைத்தபோதும் நீ சொல்லவில்லை. செய்தவர்தான் சொல்ல வேண்டும், மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது நாம் போட்ட சட்டம். அதை நான் மீறப்போவதில்லை.

ஆனால் அண்ணா, உன்னைப் பார்த்துத்தான் அப்பா என்னை அங்கே அனுப்பப்போகிறார். நீ சொன்னால் நான் தப்பிப்பேன். நான் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். யாரும் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் உள்ளே.

என் கல்லூரி முகவரி பின்பக்கத்தில். உடம்பைப் பார்த்துக்கொள். மீசை உனக்கு நன்றாக இல்லை.

வாலு

---

விடுதி
ஏப்ரல் 22

அன்புள்ள அப்பா, அம்மா, வாலு மூவருக்கும்,

நலம். உங்கள் நலம் அறிய ஆசை. இங்கே வெயில் அதிகம். மின்விசிறி ஒன்று வாங்கினேன். இரவில் சத்தம் போடுகிறது, ஆனாலும் பரவாயில்லை.

கல்லூரி விலாசத்துக்கு எழுத நினைத்தேன். பிறகு, தேர்வு நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று வீட்டுக்கே எழுதுகிறேன். வாலு, தேர்வில் முதலில் தெரிந்த கேள்வியை எழுது. வரைபடத்துக்குப் பெயரிட மறக்காதே. கருத்தரங்குகளில் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே.

நேர்முகத் தேதி தள்ளிப்போயிருக்கிறது.

வெயிலில் அலையாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அண்ணன்

---

வீடு
ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். மின்விசிறி நலமா?

முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. எம்.ஏ. நுழைவுத் தேர்விலும் வென்றுவிட்டேன். வகைநுண்கணிதத்தில் நான் மொக்கை இல்லை என்று இனி சட்டப்படி நிரூபணம். ஜூலை இருபதுக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

எம்.ஏ. அனுமதி அட்டை வந்ததும் அப்பா மேஜையில் வாசித்தார். இரண்டு முறை. "கெட்டிக்காரி" என்றார். என் தலையைத் தொட்டார். பிறகு மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "இவ்வளவு மண்டை இருக்கறவ அந்தத் தேர்வை எழுதாம விடலாமா? அங்க பணம் கட்டியாச்சு" என்றார். அண்ணன் படிக்கிற இடம் என்பதால் உன் விடுதிக்காரர்கள் சலுகையும் கொடுத்திருக்கிறார்களாம். இயக்குநரே போன் பண்ணி, "உங்க பையன் எங்களுக்குச் சொத்து மாதிரி" என்றாராம். அப்பா அந்த வாக்கியத்தைப் பக்கத்து வீடுவரை கொண்டுபோய்விட்டார்.

அம்மாவிடம் அழுது பார்த்தேன். வேலைப் பழக்கத்தில், "வரிசையில வா. முதல்ல உங்கப்பா, அப்புறம்தான் நீ" என்றாள். ஆனால் அன்றிரவு என் தலையணையைத் தட்டிப் போட்டாள். நான் குழந்தையாக இருந்தபோதுதான் அப்படிச் செய்வாள்.

ஜூலை ஒன்றாம் தேதி கொண்டுவந்து விடுகிறார்கள். (இதை வாசித்ததும் அப்பா, "அண்ணனைப் பார்க்கப் போறோம்னு சந்தோஷமா எழுது" என்றார். எழுதிவிட்டேன்: அண்ணனைப் பார்க்கப் போகிறோம்.)

உன் பதில் வர இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வரிதான் கேட்டேன். நினைவிருக்கும்.

உடம்பைக் கவனி.

வாலு

---

பெண்கள் பகுதி, அறை 9
ஜூலை 4

மதிப்பிற்குரிய சார்,

நலம். தாங்களும் நலமாக இருப்பதைக் காலை வகுப்பில் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். இளைத்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு எழுத மாட்டேன்.

உங்கள் கட்டடம் என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. நடுவில் ஒரு கொடிக்கம்பம், நாலு சைக்கிள். ஆனாலும் மாணவிகள் அந்தப் பக்கம் வரக்கூடாதாம். ஆகவே சமையல்காரம்மா கையில் கடிதம். இத்தனை மாதம் தபால்காரர் சுமந்ததை இப்போது அவர் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்.

அப்பா வந்த அன்று உங்களைக் கேட்டார். "அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கார்" என்றார்கள் அலுவலகத்தில். 'அவன்' என்று சொல்லாமல் 'அவர்' என்றதில் அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் போனை வாங்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார்கள். அப்பா காரைத் திருப்பும்போது கை ஆட்டினார். நான் நாக்கைத் துருத்தினேன். அவருக்கு அது தெரியவில்லை.

இந்த அறையில் ஆறு கட்டில். ஜன்னல் முக்கால்வாசி அட்டையால் அடைத்திருக்கிறது, வெளியே பார்த்தால் கவனம் சிதறுமாம். காலை ஐந்துக்கு மணி. என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு இது நாலாவது வருடம். பாடப்புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண் சொல்கிறாள். "வெளிய போய் என்ன பண்றது? இங்கயாவது எல்லாருக்கும் நான் படிச்சிட்டிருக்கேன்னு தெரியும்" என்றாள். வந்ததிலிருந்து நான் ஒரு குறும்பும் செய்யவில்லை சார். கைகூட வரவில்லை.

இன்று வகுப்பில் வாய்ப்புச் செலவு நடத்தினீர்கள். "ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடறோமோ அதுதான் அதோட உண்மையான விலை" என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சார், நாம தேர்ந்தெடுக்கல, வேற யாரோ நமக்காகத் தேர்ந்தெடுத்துட்டாங்கன்னா, அந்தச் செலவு யார் கணக்குல?"

வகுப்பு சிரித்தது. நீங்கள் "நல்ல கேள்வி" என்றீர்கள். பிறகு திரும்பிப் பலகையைத் துடைத்தீர்கள். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, சார்.

எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. இருபதாம் தேதி வரப்போகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மாணவி

---

விடுதி
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வாலுவும் நலம், ஆனால் பயந்திருக்கிறாள். உங்கள் முதுகும் அம்மாவின் கால் வீக்கமும் எப்படி இருக்கின்றன?

இதை வழக்கம்போல மேஜையில், அம்மா கேட்கச் சத்தமாக வாசிக்கவும். நடுவில் நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் கட்டத் தேர்வில் நான் தேறவில்லை. போன வருடம் முடிவு வந்த அன்றே தெரியும். நேர்முகத் தேர்வு என்று எதுவும் இல்லை. அன்று இயக்குநர் அழைத்து, "இங்கயே தங்கி வகுப்பு எடு, சாப்பாடும் அறையும் இலவசம், அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்கோ" என்றார். சரி என்றேன். பிறகு ஊர் ஊராகப் பேச அனுப்பினார். மேடையில் மூன்றாவது ரேங்க் என்று சொல்லச் சொன்னார். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது வகிடு எடுப்பதுபோல வந்துவிடுகிறது. திரும்ப எழுதவும் இல்லை. ரேங்க் வாங்கியவன் தேர்வறையில் போய் உட்கார முடியாதே. வாலு கருத்தரங்கில் பார்த்த சார் நான்தான். நீங்கள் "நல்ல பையன்" என்று சொன்னதை அவள் எழுதியிருந்தாள்.

என் போனை யாரும் பூட்டி வைக்கவில்லை. வாசல் கேட்டும் எனக்குத் திறந்துதான் இருக்கிறது. எத்தனையோ நாள் அதுவரை நடந்து போயிருக்கிறேன். தாண்டினால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வீட்டில் அந்த மேஜை இருக்கிறது. திரும்பி வந்து வகுப்பு எடுப்பேன்.

வாலுவுக்கு மார்ச்சிலேயே தெரியும். உங்களிடம் சொல்லியிருந்தால் அன்றே தப்பித்திருப்பாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவள் காரில் ஏறுகிற நாள்வரை எனக்கு நேரம் இருந்தது. அன்றுகூட நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று உங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, ஆசிரியனாக ஒன்று சொல்கிறேன். இதில் பொய் இல்லை. எம்.ஏ. முடித்த பிறகும் இந்தத் தேர்வை எழுதலாம். வயது வரம்புக்கு அவளுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. இன்னும் ஆழமாகப் படித்தவளாகப் போய் எழுதுவாள். தேறாவிட்டாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும். ஆராய்ச்சியோ கற்பித்தலோ எங்காவது நிற்கலாம். ஆனால் இந்த எம்.ஏ. இடம் இருபதாம் தேதிக்கு மேல் கிடையாது. இங்கே தேறாதவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று அவள் அறையில் ஒரு பெண்ணைக் கேளுங்கள். இல்லை, என்னையே பாருங்கள்.

அவளை வந்து அழைத்துப் போங்கள். நான் இந்தப் பருவம் முடிகிறவரை இங்கேயே இருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க இப்போதைக்குத் தைரியம் இல்லை.

அம்மாவைக் கால் நீட்டி உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

---

வீடு
ஜூலை 10

மகனுக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். முதுகு அப்படியேதான். அம்மாவுக்குக் கால் வீக்கம் இறங்கியிருக்கிறது. உனக்குச் சாப்பாடு சரியில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வாசித்துத்தான் பழக்கம். மேஜையில் வாசித்தேன். மூன்றாவது பத்தியில் எனக்குக் குரல் வரவில்லை. மனசுக்குள் படித்துவிடலாம் என்று கண்ணை ஓட்டினேன். அம்மா, "சட்டம்னா எல்லாருக்கும்தான். சத்தமா படிங்க" என்றாள். கடைசிவரை வாசித்தேன். இருவரும் அன்று சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். உன் மேலா, அந்த இயக்குநர் மேலா, இந்த மேஜை மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வண்டி ஓட்ட வருகிறவர்களிடம் உன்னைப் பற்றி நிறையப் பேசிவிட்டேன். இனி நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுக் காலையில் முதலில் ஓட்ட வந்த ஒரு பெண்மணியிடம் சொல்லிப் பார்த்தேன். "பையன் தேறலைங்க" என்றேன். அந்தப் பெண்மணி, "அப்படியா" என்று சொல்லி இரண்டாவது கியருக்கு மாற்றினார். சரியாகத்தான் மாற்றினார்.

வாலுவின் எம்.ஏ. அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. புதன்கிழமை காலையில் வருகிறேன். அவள் பெட்டியைத் தயாராக வைக்கச் சொல்.

அவளை மட்டும் அழைத்துப் போகச் சொல்லி எழுதியிருக்கிறாய். என் வண்டியில் யாரை ஏற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உன் பெட்டியையும் கட்டி வை.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா